தொழிற்சாலை வீடு: வாடகை மனையா, சொந்த மனையா, கூட்டுறவு மனையா?

அமெரிக்காவில் வீடு தேடும் வாசகர்கள் சிலர் தொழிற்சாலை வீடுகளைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். மனையிலேயே கட்டும் வீட்டின் விலை பலருக்கு எட்டாமல் போய்விட்டது. தொழிற்சாலையில் முழுசாகக் கட்டி, லாரியில் இழுத்து வந்து நிறுத்தும் புது வீடோ, மனை சேர்க்காமல், சராசரியாக 1,20,000 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. 2 கோடிப் பேருக்கு மேல் அங்கே இப்படிப்பட்ட வீடுகளில் வசிக்கிறார்கள். எழுதிய எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எந்தக் கம்பெனி வீடு நன்றாக உழைக்கும்?

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். வீடு யாருடைய மண்ணில் நிற்கப் போகிறது, அதற்கான கடன் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே தொழிற்சாலையில், ஒரே வாரத்தில் உருவான இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு வீட்டுக்குரிய பாதுகாப்பும் இன்னொன்றுக்குக் காருக்குரிய பாதுகாப்பும் கிடைப்பது அங்கே சகஜம்.

வழிகள் மூன்று. இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு வளாகத்தில் (அங்கே அதற்குப் பெயர் பார்க்) மனையை வாடகைக்கு எடுத்து வீட்டை மட்டும் வாங்குவது; சொந்த மனையில் நிறுத்தி நிலத்தோடு சேர்த்துப் பதிவது; குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுப் பார்க்கில் சேர்வது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு கேள்விகள் போதும்.

1. பழுது வந்தால் யாரைப் பிடிப்பது?
2. தவணை தவறினால் எவ்வளவு அவகாசம் கிடைக்கும்?
3. அந்த இடத்தை விட்டுப் போகச் சொல்லும் அதிகாரம் யாரிடம்?
4. விற்கும்போது கையில் என்ன மிஞ்சும்?

முதல் கேள்விக்கு மூன்று வழிகளிலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். அதை முதலில் முடித்துவிடுவோம்.

## பழுது வந்தால்

தொழிற்சாலை வீடுகளுக்கென்று 1974-ல் தனி ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம் வந்தது. அதன் கீழ் வீட்டுவசதித் துறையான ஹட் வகுத்த கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் கட்டியவை வெறும் மொபைல் ஹோம். இந்த விதிகளின் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை, கடன் கிடைப்பதும் அரிது. விதிப்படி கட்டிய வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் வெளிச்சுவரின் பின்கோடியில் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று அறைந்திருக்கும். இரண்டு பாதிகளாக வந்து மனையில் சேர்க்கப்படும் இரட்டைப் பகுதி வீடு என்றால் இரண்டு தகடுகள். உள்ளே, சமையலறை அலமாரிக் கதவிலோ மின்பெட்டி அருகிலோ படுக்கையறை அலமாரியிலோ ஒரு விவரத்தாள் ஒட்டியிருக்கும். எந்தக் காற்று மண்டலத்துக்கு, எவ்வளவு பனிப்பாரத்துக்கு, எந்தக் குளிருக்கு அந்த வீடு கட்டப்பட்டது என்பது அதில் இருக்கும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் இந்த வீடுகளைச் சிதைத்துப் போட்ட பிறகு, 1994-ல் காற்று விதிகள் கடுமையாயின. உள்நாட்டு மண்டலத்துக்கெனக் கட்டிய பழைய வீட்டைக் கடற்கரை ஊருக்கு இழுத்துப் போகும் யோசனை இருந்தால் முதலில் அந்தத் தாளைப் படியுங்கள்.

நடைமுறையில் சண்டை வருவது வேறு இடத்தில். இரட்டைப் பகுதி வீட்டில் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அங்கே கூரை விரிசல் விடுகிறது, கதவு சரியாக மூடவில்லை. தொழிற்சாலையைக் கேட்டால் மட்டம் பார்க்காமல் நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். நிறுத்திக் கொடுத்தவரைக் கேட்டால் வீடு வரும்போதே கோணலாகத்தான் வந்தது என்பார். டீலர் இரண்டு பேரையும் கைகாட்டுவார். இதற்காகத்தான் 2000-ல் வந்த திருத்தச் சட்டம், வீட்டை நிறுத்துவதற்கான விதிகளோடு தகராறு தீர்க்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயமாக்கியது. சொந்தத் திட்டம் இல்லாத மாநிலங்களில் ஹட்டே அதை நடத்துகிறது. ஒரே நிபந்தனை: முதன்முதலாக வீட்டை நிறுத்திய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் பழுதைத் தெரிவித்திருக்க வேண்டும். போனில் சொன்னதை யாரும் நிரூபிக்க முடியாது. தேதியோடு மின்னஞ்சல், தேதியோடு படம்.

வாரன்டி தர வேண்டும் என்று ஹட் விதி சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் வாரன்டி கொடுத்துவிட்டால், வாரன்டிகளுக்கான ஃபெடரல் சட்டமான 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டம் அதன் பின்னால் வந்து நிற்கும். எழுதாமலே சட்டம் தரும் அடிப்படை உத்தரவாதத்தை அப்புறம் மறுக்க முடியாது. வழக்கில் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் புது வீட்டுக்கு 1 வருட எழுத்து வாரன்டியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மோசடி செய்த டீலரிடம் ஏமாந்தவர்களுக்கு இழப்பீடு தரும் நிதி கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் உண்டு. பழைய வீட்டை 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கினால் இதில் பெரும்பகுதி கைநழுவிவிடும்.

இந்தப் பாதுகாப்புகளைப் பல்லில்லாமல் ஆக்குவது ஆர்பிட்ரேஷன் பிரிவு. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவரிடம்தான் போவேன் என்று ஒப்பந்தத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அலபாமாவில் மொபைல் ஹோம் வாங்கிய ஒரு பெண்ணின் கடன் ஒப்பந்தத்தில், நடுவர் செலவை யார் ஏற்பது என்றே எழுதவில்லை. செலவுக்குப் பயந்து உரிமையையே கைவிட வேண்டியிருக்கும் என்று அவர் வாதாடினார். கிரீன் ட்ரீ வழக்கு என்று பெயர்பெற்ற அதில், செலவைச் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பிரிவு செல்லாமல் போகாது, செலவு தாங்காது என்பதை அவரே காட்ட வேண்டும் என்று 2000 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துக்கு முன் அந்தப் பிரிவை அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

## வழி 1: பார்க்கில் வாடகை மனை

சீக்கிரம் முடியும் வழி இது. டீலர் கடையிலேயே கடன் விண்ணப்பம், முன்பணம் குறைவு, நிலம் தேடும் அலைச்சல் இல்லை. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் மனைவரைக்கும் வந்திருக்கும்.

ஆனால் இங்கே வாங்கும் கடன் பெரும்பாலும் சாட்டல் கடன், அதாவது அசையும் சொத்துக் கடன். காருக்கு வாங்குவது போலத்தான். வீட்டுக் கடன் வாங்குபவரைக் காக்கும் ரெஸ்பா என்ற ஃபெடரல் சட்டம் இதற்குப் பொருந்தாது. வட்டியையும் செலவுகளையும் ஒரே படிவத்தில் முன்கூட்டியே காட்டும் கடன் மதிப்பீட்டுத் தாளும் கட்டாயமில்லை. வருட வட்டி விகிதத்தை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற 'உண்மைக் கடன்' சட்டம் மட்டும் இதற்கும் உண்டு. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012-ல் தொழிற்சாலை வீடு வாங்கக் கொடுத்த கடன்களில் சுமார் 68 சதவீதம் உயர் வட்டி வகையில் விழுந்தன. மனையில் கட்டிய வீடுகளுக்கு அது 3 சதவீதம்தான். வட்டிக் கணக்கில் டீலரின் பேச்சை நம்பி உட்காராதீர்கள். 2018-ல் வந்த சட்டம், சில நிபந்தனைகளோடு, வீடு விற்கும் டீலர்களைக் கடன் தரகர்களுக்கான விதிகளிலிருந்து விலக்கிவிட்டது.

தவணை தவறினால்? வீட்டு அடமானக் கடனில் 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்தால்தான் ஃபோர்க்ளோஷர், அதாவது வீட்டைக் கைப்பற்றி விற்கும் நடவடிக்கையைத் தொடங்கவே முடியும். சாட்டல் கடனுக்கு அந்த ஃபெடரல் அவகாசம் கிடையாது. சில மாநிலங்கள் முன்னறிவிப்பும் பாக்கியைக் கட்டித் தீர்க்க ஒரு வாய்ப்பும் தருகின்றன; மற்ற இடங்களில் காரைத் தூக்கும் சட்டமே வீட்டுக்கும்.

இந்த வழிக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். டீலர் ஏற்பாடு செய்த கடனாக இருந்தால், ஃபெடரல் வணிக ஆணையத்தின் 'ஹோல்டர் விதி' துணைக்கு வரும். டீலர் ஏமாற்றினால் அந்தப் புகாரைக் கடன் பத்திரத்தை வைத்திருப்பவர் மீதும் சுமத்தலாம், இதுவரை கட்டிய தொகை அளவுக்குத் திருப்பிக் கேட்கலாம். டீலர் கடையைச் சாத்திவிட்டுப் போன பிறகும் பிடிக்க ஒரு ஆள் இருக்கிறார். நீங்களே வங்கிக்குப் போய் வாங்கிய கடனுக்கு இது இல்லை.

பெரிய ஓட்டை மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. கடன் 20 வருடத்துக்கு. மனைக் குத்தகையோ பல பார்க்குகளில் 1 வருடத்துக்கு, சிலவற்றில் மாதாமாதம். பார்க் கைமாறினால் வாடகை ஏறும். மாதம் 600 டாலர் வாடகை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 10 வருடத்தில் 1,070 டாலரைத் தாண்டும். வீடு மட்டும் பத்து வயது கூடிப் பழசாகியிருக்கும். பிடிக்கவில்லை என்றால் வீட்டைக் கிளப்பிக்கொண்டு போகலாமே என்பவர்கள் அதற்கு ஒரு விலை கேட்டுப் பார்க்க வேண்டும். கழற்றி, இழுத்து, மறுபடி நிறுத்திச் சேர்க்கச் சில ஆயிரம் டாலரில் தொடங்கி, இரட்டைப் பகுதி வீட்டுக்கு 10,000-ஐத் தாண்டிப் போகும். பழைய வீட்டைப் பல பார்க்குகள் உள்ளே விடவே மாட்டா.

இந்த இடத்தில் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் வாடகையை ஏற்ற 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நியூயார்க்கில் 2019 சட்டத்தின்படி உயர்வு வருடத்துக்கு 3 சதவீதம் வரைதான். தக்க காரணம் காட்டினால் 6 வரை. வாஷிங்டன் மாநிலம் 2025-ல் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. டெக்சஸில் வாடகைக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. மாநிலச் சட்டம் கைகொடுக்காத இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த பார்க் ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக் ஆதரவில் கடன் வாங்கியிருக்கிறதா? (வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும், ஃபெடரல் அரசின் பின்புலமுள்ள நிறுவனங்கள் இவை.) அண்மைக் காலத்தில் அப்படி வாங்கிய பார்க்குகள் புதுப்பிக்கத்தக்க 1 வருடக் குத்தகை, வாடகை உயர்வுக்கு 30 நாள் அறிவிப்பு, வீட்டை அங்கேயே நிறுத்தி விற்கும் உரிமை, பார்க்கை விற்கவோ மூடவோ போனால் 60 நாள் அறிவிப்பு இவற்றைக் குத்தகையில் எழுதித் தர வேண்டும். வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் ஹட்டின் பிரிவு எஃப்.எச்.ஏ. அதன் 'டைட்டில் 1' என்ற திட்டக் கடனில் வாங்குபவருக்கு இன்னும் கொஞ்சம் கூட: தொடக்கக் குத்தகை 3 வருடம், குத்தகையை முடிக்க 180 நாள் அறிவிப்பு.

## வழி 2: சொந்த மனை, நிலத்தோடு சேர்த்துப் பதிவு

தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது வீட்டுக்கு வண்டி மாதிரி ஒரு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம் இருக்கும். அதை ஒப்படைத்து ரத்து செய்து, வீட்டை நிரந்தர அடித்தளத்தில் நிறுத்தி, நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்தாகப் பதிய வேண்டும். டெக்சஸில் வீட்டுவசதித் துறை தரும் உரிமை அறிக்கையில் அசையாச் சொத்து என்று தேர்ந்தெடுத்து, அதைக் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஆவணங்களில் பதிவு செய்வார்கள். கலிபோர்னியாவில் 433ஏ என்ற படிவம். இந்தச் சின்னக் காகித வேலைதான் காரை வீடாக்குகிறது. அடமானக் கடன், 120 நாள் அவகாசம், ரெஸ்பா என்று மேலே விட்டுப்போனதெல்லாம் இங்கே வந்து சேரும். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டிலும் தொழிற்சாலை வீடுகளுக்கான திட்டங்கள் உண்டு. மனையை விட்டுப் போகச் சொல்ல ஆளில்லை. நிலம் ஏறுமுகமாக இருந்தால் விற்கும்போது அந்த லாபமும் உங்களுக்கே.

மறைந்திருக்கும் செலவும் இங்கேதான் அதிகம். மனையைச் சமப்படுத்துவது, செப்டிக் டேங்க், கிணறு, மின்கம்பத்திலிருந்து இழுக்கும் கம்பி, லாரி உள்ளே வரப் பாதை, அடித்தளம், எஃப்.எச்.ஏ. கடன் என்றால் அடித்தளம் ஹட் வழிகாட்டிப்படி இருக்கிறது என்று பொறியாளர் தரும் சான்று. டீலர் காட்டும் விலைப்பலகையில் இவை இருக்காது. கட்டுமான விதியில் ஊராட்சி தலையிட முடியாது, ஃபெடரல் விதி மேலே நிற்கிறது. ஆனால் எந்தத் தெருவில் இந்த வீடுகளை விடுவது என்பதை மண்டல விதியும் மனைப் பத்திரத்தில் இருக்கும் கட்டுப்பாடும் தீர்மானிக்கும். நிலத்தை வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வயிற்றெரிச்சல்.

நிலம் சொந்தமாக இருந்தும் சாட்டல் கடன் வாங்குகிறவர்கள் ஏராளம். சீக்கிரம் முடியும், குளோசிங் செலவு (கடனையும் பதிவையும் முடிக்கும்போது கட்டும் கட்டணங்கள்) குறைவு என்று டீலர் அந்தப் பக்கம் தள்ளுவார். பெரும்பாலோருக்கு அது நஷ்டக் கணக்கு. ஒரு சூழ்நிலையில் மட்டும் நானும் அதையே சொல்வேன்: நிலம் குடும்பச் சொத்து, கடன் இல்லாதது, வருமானம் நிலையில்லாதது. நிலத்தையும் சேர்த்து அடமானம் வைத்தால், தவணை தவறும்போது இரண்டும் போகும். வீட்டை மட்டும் ஈடாக வைத்தால் மண்ணாவது மிஞ்சும். அதற்கான விலை அந்தக் கூடுதல் வட்டி.

## வழி 3: கூட்டுறவுப் பார்க்

நியூ ஹாம்ப்ஷயரின் மெரிடித் ஊரில் 1984-ல் ஒரு பார்க்கின் உரிமையாளர் இறந்தபின் அது விற்பனைக்கு வந்தபோது, அங்கே குடியிருந்த 13 குடும்பங்கள் கடன் வாங்கித் தாங்களே அதை வாங்கின. பிறகு அந்த மாநிலம், பார்க்கை விற்குமுன் குடியிருப்பவர்களுக்கு 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. 2008-ல் தொடங்கிய ஆர்.ஓ.சி. யூ.எஸ்.ஏ. என்ற அமைப்பு இதை நாடெங்கும் கொண்டுபோனது. இன்று அதன் வலையில் 300-க்கும் மேற்பட்ட பார்க்குகள் இருக்கின்றன.

வீடு உங்களுடையது, மண் கூட்டுறவுச் சங்கத்துடையது, நீங்கள் ஒரு பங்கு வாங்கிய உறுப்பினர். மனைக் கட்டணத்தை உறுப்பினர்களே வாக்களித்து நிர்ணயிப்பதால், லாபத்துக்காக ஏற்றும் ஆள் இல்லை. பார்க்கை மால் கட்ட விற்றுவிடுவார்கள் என்ற பயமும் இல்லை. ஆனாலும் இது இலவசச் சாப்பாடு அல்ல. பார்க்கை வாங்கிய கடனைக் கட்ட முதல் வருடங்களில் கட்டணம் கூடலாம். பழைய தண்ணீர்க் குழாய் வெடித்தால் செலவு எல்லோர் தலையிலும் விழும். கூட்டங்களுக்குப் போக வேண்டும், குழுவில் உட்கார வேண்டும். பொறுப்பை எடுத்துப் போட்டுச் செய்பவர் நாலு பேர், குறை சொல்பவர் நாற்பது பேர். அடுக்குமாடிச் சங்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வாங்கி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் பெரும்பாலும் நடக்காது. கடனைப் பொறுத்தவரை பல மாநிலங்களில் இதுவும் சாட்டல் கடன்தான். நியூ ஹாம்ப்ஷயர் தொழிற்சாலை வீட்டை அசையாச் சொத்தாகவே நடத்துவதால் அங்கே நிலைமை மேல்.

## ஒரு பார்வையில்

| | வாடகை மனை | சொந்த மனை | கூட்டுறவு |
|---|---|---|---|
| தவணை தவறினால் | மாநிலச் சட்டம் தரும் அவகாசம் மட்டும் | 120 நாள் ஃபெடரல் அவகாசம் | பெரும்பாலும் வாடகை மனை போலவே |
| போகச் சொல்லும் அதிகாரம் | பார்க் உரிமையாளர், குத்தகைக்கு உட்பட்டு | கடன் கொடுத்தவர் தவிர யாருமில்லை | விதி மீறினால் சங்கம் |
| விற்கும்போது | வீட்டின் விலை மட்டும். பார்க்கின் சம்மதம் தேவைப்படலாம் | வீடும் நிலமும் | வீட்டின் விலை, பங்குத்தொகை. சங்க விதிக்கு உட்பட்டு |
| எதிர்பாராத செலவு | வாடகை உயர்வு, இடம் மாற்றும் செலவு | மனை வேலைகள், அடித்தளம், குளோசிங் | பொதுப் பராமரிப்பு, உங்கள் நேரம் |

## யாருக்கு எது?

பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர், நிலம் கிடைக்கும் ஊரில் இருப்பவர்: கண்ணை மூடிக்கொண்டு வழி 2. மனை வேலைக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிய பிறகு.

ஓய்வு பெற்றவர், கடனில்லாமல் ரொக்கத்துக்கு வீட்டை வாங்கக் கூடியவர், அதுவும் வாடகைக்கு வரம்பு வைத்த மாநிலத்தில்: வழி 1 தவறில்லை. சாட்டல் கடனின் கெடுதல்கள் அவரைத் தொடாது. மனைக் குத்தகையை மட்டும் வக்கீல் ஒருவரிடம் காட்டினால் போதும். வரம்பில்லாத மாநிலத்தில், 20 வருடக் கடனோடு, 1 வருடக் குத்தகையில் போய் உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அருகில் கூட்டுறவுப் பார்க் இருந்து, அதில் காலி மனையும் இருந்தால் வழி 1-ஐ மறந்துவிடலாம். போகுமுன் சங்கத்தின் கடைசி இரண்டு வருட வரவுசெலவையும், பழுதுக்கென்று ஒதுக்கிய நிதியையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. 2025 மே 25 முதல், நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. அடமானக் கடன் இல்லை. வழி 2-ஐ நினைப்பவர் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் பக்கமோ உள்ளூர் வங்கியிடமோதான் போக வேண்டும்.

## அட்வான்ஸ் கொடுக்குமுன்

வாங்கிவிட்டு 3 நாளில் ரத்து செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஃபெடரல் உரிமை, ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து வாங்கும் சிலவகைக் கடன்களுக்குத்தான். வீடு வாங்கும் கடனுக்கு இல்லை. மாநிலச் சட்டம் தனியாகத் தந்தால் உண்டு. அதனால் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். படிக்கட்டு, ஏ.சி., அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் பலகை என்று டீலர் வாயால் சேர்த்ததெல்லாம் எழுத்தில் வரட்டும்.

பழைய வீடென்றால் சொத்து வரி பாக்கி, பழைய கடன் பாக்கி இரண்டையும் மாநிலப் பதிவேட்டில் பாருங்கள். சிவப்புத் தகடு பிய்ந்து போயிருந்தால், வரிசை எண்ணை வைத்துத் தகடு எண்ணை உறுதி செய்யும் கடிதத்தை ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பு கட்டணத்துக்குத் தருகிறது. அந்தக் கடிதத்தை விற்பவரே வாங்கித் தரட்டும்.